தீகா கோசோங்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்று வளர்த்தது நான்கு பிள்ளைகள். தங்கை போன பிறகு அவளுடைய இரண்டையும் சேர்த்தால் ஆறு. பல்கலைக்கழக விடுதியில் வளர்த்தது எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். எண்ணிக்கை விஷயத்தில் நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லத்தான் இதை எழுத வைக்கிறேன்.

விடுதி அலுவலகத்தில் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறீர்களாம். அலுவலகத்தின் மூத்த எழுத்தர் போன் பண்ணிச் சொன்னார். அவரை நாங்கள் கிராணியம்மா என்போம். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர், ஆனால் அந்த வேலையில் எனக்குப் புத்தி வந்தது அவரால்தான். "அக்கா, புதுப் பிள்ளைங்க வந்திருக்காங்க. உங்க அனுபவத்த கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். படிச்சாவது பொழைக்கட்டும்" என்றார்.

நான் எழுதுவதாவது! தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கையெழுத்துப் போடுவேன். பஸ் எண் பார்ப்பேன். தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், வாசித்து முடிப்பதற்குள் செய்தி பழசாகிவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நல்ல தமிழில் எழுது என்று சொல்லியிருக்கிறேன். இதில் தப்பு இருந்தால் அது அவளுடையது. நன்றாக இருந்தால் என்னுடையது.

துப்புரவு வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். கடைசியில் பெண்கள் தங்கும் சி பிளாக்குக்குப் பொறுப்பாளர் ஆனேன். பொறுப்பாளர் என்பது நானே சொல்லிக்கொண்டது. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ போட்டிருப்பார்கள். அதை வாசிக்கத் தெரியாதது எனக்கு வசதியாகப் போயிற்று.

அறை கிடைக்கும் முறையெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பயமில்லை, இடம் உண்டு. மேல் வருடத்துப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே விண்ணப்பம் போட வேண்டும். நடனம், ஓட்டம், ரத்ததானம் என்று எதிலாவது பெயர் கொடுத்திருந்தால் புள்ளி ஏறும். வீடு பக்கத்தில் என்றால் புள்ளி இறங்கும். குன்றின் மேல் ஏ பிளாக்கில் இரண்டு பேர் அறை. கீழே புதுக் கட்டடத்தில் குளியலறை சேர்ந்த அறை, அதற்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். என்னுடையது பழைய சி பிளாக். மூன்று மாடி, லிப்ட் கிடையாது, குரங்குகள் உண்டு. எங்குமே கிடைக்காதவர்கள் மேல்முறையீடு செய்துவிட்டு, பதிவு வாரத்தில் அப்பா அம்மாவோடு வந்து கவுண்டரில் நிற்பார்கள். கம்ப்யூட்டர் செய்வதெல்லாம் அதற்கு முந்தி நடந்து முடிந்துவிடும். உங்கள் வேலை ஆரம்பிப்பது அந்த வரிசையில்தான்.

அதைச் சொல்லும் முன் ஒரு சின்ன சம்பவம். மலாய் எழுத்து எனக்கு வாசிக்க வராது, ஆனால் பார்த்தால் தெரியும். ஆளை முகம் பார்த்துத் தெரிந்துகொள்வதுபோல, இந்தச் சொல் நீளம், அந்தச் சொல்லுக்குக் கடைசியில் கொம்பு, இப்படி. என்னிடம் ஒட்டக் கொடுக்கும் அறிவிப்புகளை யாரிடமும் கேட்காமலேயே பிளாக் பிளாக்காகச் சரியாக ஒட்டிவிடுவேன். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு வருடம் பதிவு நாளன்று, "ஆண்கள் உள்ளே வரக்கூடாது" என்ற தாளை ஆண்கள் விடுதி வாசலில் ஒட்டிவிட்டேன். எஞ்சினியரிங் படிக்க வந்த பையன்கள், பெட்டியும் தலையணையுமாக, மத்தியானம் வரை வெயிலில் நின்றிருந்தார்கள். ஒருவனாவது உள்ளே போனானா? இல்லை. ஒருவனாவது இது என்ன கூத்து என்று கேட்டானா? அதுவும் இல்லை. வார்டன் வந்து பார்த்தவர் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் தாளைக் கிழித்துக்கொண்டு போனார்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஊரறிந்ததை விடுங்கள். புதிதாக வருகிறவர்கள் நாம் சொல்வதை அப்படியே நம்புவார்கள். வாசலில் நீ ஆண் இல்லை என்று ஒட்டினால்கூட யோசித்துப் பார்ப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. பதிவு வாரம், வெள்ளிக்கிழமை. காலையில் எல்லா அறைகளுக்கும் பொதுவான சாவியை வாங்க அலுவலகத்துக்குப் போனேன். வாசல் பெஞ்சில் ஓர் அப்பாவும் மகளும். அப்பா செம்பனைத் தோட்டத்து லோரி ஓட்டுநர், சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். மகள் பெயர் யோகேஸ்வரி. இரண்டாம் வருடம். சுங்கை பாக்காப்பிலிருந்து மோட்டாரில் பாலம் தாண்டி வந்திருந்தார்கள்.

பல்கலைக்கழகம் தீவில், சுங்கை பாக்காப்பு அக்கரையில், ஆனாலும் இரண்டும் பினாங்குதானே? அதுதான் அவளுக்கு வினை. கம்ப்யூட்டருக்கு அது பக்கத்து ஊர். கடல் நடுவில் இருப்பது அதற்குத் தெரியாது. போதாததற்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சனி ஞாயிறு வந்தால் வீட்டுக்கு ஓடிவிடுவாள். ஆடவில்லை, ஓடவில்லை, ரத்தமும் கொடுக்கவில்லை. புள்ளி எங்கே ஏறும்?

அப்பா கவுண்டரில் சொன்னது எனக்குக் கேட்டது. "கடைசி கிளாஸ் பொழுது சாய்ஞ்சுதான் முடியுதாம். பஸ்ஸு மாறி மாறி வூட்டுக்கு வர்றதுக்குள்ள எனக்கு உசிரு போயிடும். வெளிய ரூம் எடுத்துத் தங்கறதெல்லாம் நான் வுட மாட்டேங்க. எடம் இருந்தாச் சொல்லுங்க. இல்லன்னா திங்கக்கிழம ஃபேக்டரி வேன் எங்க வூட்டு வாசலுக்கே வருது. பக்கத்து வூட்டுக்காரரு சூப்பர்வைசர்கிட்ட பேசி வெச்சிட்டாரு."

யோகேஸ்வரி முகத்தில் சோகம்கூட இல்லை, அதுதான் என்னவோ செய்தது. ஏற்கெனவே வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டவள்போல இருந்தாள்.

கிராணியம்மா சொன்னார்: "பகல் வரைக்கும் உக்காருங்க அண்ணே. வராத பிள்ளைங்க ரூம் ஏதாச்சும் இருந்தா தெரிஞ்சிடும். இந்தக்கா போய்ப் பாத்துட்டு வந்து சொல்வாங்க." என்னைப் பார்த்து, "அக்கா, நல்லா பாருங்கலா" என்றார்.

எனக்கு அது ஒரு பெருமை. காலியாக இருக்கும் அறையை நான் சொன்னால்தான் கம்ப்யூட்டருக்கே தெரியும். அன்று வழக்கத்தைவிட அக்கறையாகவே பார்த்தேன். ஒவ்வொரு கதவையும் தட்டினேன். கட்டில் விரித்திருக்கிறதா, அலமாரியில் துணி இருக்கிறதா, ஆள் வராமல் பெட்டியை மட்டும் அனுப்பியிருக்கிறார்களா என்று மூன்று மாடியும் ஏறி இறங்கினேன். ஒரு குரங்கு ஜன்னல் வழியாக என்னோடு கூடவே வந்து எண்ணியது. ஓர் அறைகூடக் காலி இல்லை. முட்டி இரண்டும் கழன்றுவிழும்போல இருந்தது.

கீழ்மாடிக்கு வந்து அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். எடுத்தது கிராணியம்மா இல்லை. தற்காலிகமாக வந்திருந்த ஒரு தங்கச்சி. தமிழ்ப் பிள்ளைதான். தமிழிலேயே, "எங்கயும் எடம் இல்லம்மா" என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் ஆபீஸ் விஷயத்தை மலாயில் சொன்னால் மரியாதை என்று நினைப்பாயிற்றே. தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிப்பவர்போல ஆரம்பித்தேன்.

"சி பிளாக். சாத்து, கோசோங். டுவா, கோசோங். தீகா, கோசோங்."

சாத்து, டுவா, தீகா என்றால் மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று. அது உங்களுக்கும் தெரியும். கோசோங்கும் தெரியும். ஆனால் அது எவ்வளவு பொல்லாத சொல் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கடையில் சீனி போடாத தேநீர் கோசோங். போன் எண்ணில் பூச்சியம் கோசோங். ஆள் இல்லாத அறையும் கோசோங். நான் சொன்னது: முதல் மாடி, பூச்சியம். இரண்டாம் மாடி, பூச்சியம். மூன்றாம் மாடி, பூச்சியம். ஓர் இடமும் இல்லை.

அந்தத் தங்கச்சி போன் எண்போலச் சேர்த்து எழுதிக்கொண்டது: 10, 20, 30. மூன்று அறைகள் காலி.

கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறாள். பத்தாம் எண் அறையில் ஆள் இருக்கிறார்கள். இருபதிலும் இருக்கிறார்கள். ஆன்ட்டி தடுமாறிவிட்டார் என்று அந்த இரண்டையும் அடித்துவிட்டாள். முப்பதில் ஆள் இல்லை. 'பழுது' என்று மட்டும் போட்டிருந்தது.

"ஆன்ட்டி, தீகா கோசோங் பழுதுன்னு காட்டுதே. சரியாயிடுச்சா?"

மூன்றாம் மாடிக் கழிவறையில் தண்ணீர் வராமல் இருந்தது. அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "ஆச்சு ஆச்சு, நேத்தே ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டான்" என்று வைத்துவிட்டேன்.

இப்போது முப்பதாம் எண் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்மாடியில், மாடிப்படிக்குப் பக்கத்தில், கோடி அறை. ஒற்றைக் கட்டில். எப்போதோ அதில் குழாய் கசிந்தது உண்மை. ஆள் வந்து சரிசெய்ததும் உண்மை. சரியாகிவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் உண்மை. முதலில் துடைப்பத்தை வைத்தேன். துடைப்பத்துக்குத் துணையாக வாளி. பிறகு வாளியைப் பார்த்துக்கொள்ள நான். கட்டிலில் என் மெத்தை, மேசை விசிறி, மளிகைக் கடை நாள்காட்டியில் முருகன், போன வருடப் பிள்ளைகள் விட்டுப்போன குடைகள், இரும்பு அலமாரி ஒன்று. பிள்ளைகள் அதை ஆன்ட்டி ரூம் என்பார்கள். நான் மனதுக்குள் அரண்மனை என்பேன்.

அன்று அரண்மனையில் சோற்றை வேகவைத்துவிட்டு, வெந்து தணியட்டும் என்று முட்டி வலிக்குக் காலிரண்டையும் சுவரில் ஏற்றிவைத்துப் படுத்திருந்தேன். கதவு திறந்தது.

வாசலில் பெட்டியோடு அந்த அப்பா. பின்னால் யோகேஸ்வரி. அவள் கையில் சாவி, சாவியில் தொங்கிய அட்டையில் முப்பது.

காலைச் சுவரிலிருந்து இறக்குவதற்குள் அதட்டலை ஆரம்பித்துவிட்டேன். "யாரு அது? பொம்பளப் பிள்ளைங்க பிளாக்ல ஆம்பள எப்படி உள்ள வரலாம்?"

"இன்னிக்கு பெட்டி தூக்க அப்பாமாருங்க வரலாம்னு வாசல்ல ஒட்டியிருக்குதேம்மா" என்றார் அவர்.

ஒட்டியிருந்தது. ஒட்டினது நான்தான். அந்த ஒரு தாளைத்தான் சரியான வாசலில் ஒட்டியிருந்தேன்.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். துடைப்பம், வாளி, குடைகள், தலைமுடி அவிழ்ந்த நான். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். "இதுதான் ரூமா? தொடப்பம் வெக்கிற எடத்துல எம் மவளப் போட்டிருக்காங்க. தோட்டத்துப் பிள்ள, இது போதும்னு நெனச்சிட்டாங்க இல்ல?"

"அப்பா, ஏதோ தப்பு நடந்திருக்குப்பா. ஆபீஸ்ல கேப்போம்."

"ஒண்ணும் கேக்க வேணாம் யோகேஸ். காலையிலேர்ந்து கேட்டது போதும். வா."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் சாவியை என் மேசை விசிறிக்குப் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தாள். "சாரி ஆன்ட்டி, தூங்கிட்டிருந்தீங்க" என்றாள். தூங்கவில்லை என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு என் மானம்.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அவர்கள் பின்னால் ஓடவில்லை. போனை எடுத்தேன். சண்டை போட. இந்த முறை கிராணியம்மாவே எடுத்தார்.

"யாரு அங்க எழுதினது? நான் தெளிவாச் சொன்னேன். தீகா, கோசோங். மூணாம் மாடி, பூச்சியம். எடம் இல்லன்னு அர்த்தம். ரூம் முப்பதுன்னு எவ எழுதினா? நான் வேல பாக்கற லட்சணத்துல குத்தம் சொல்ல முடியுமா?"

கிராணியம்மா அந்தத் தங்கச்சியிடம் ஏதோ கேட்பது கேட்டது. பிறகு அமைதியாகச் சொன்னார். "நீங்க சொன்னதுதான் அக்கா சரி. நாங்கதான் தப்பா எழுதிட்டோம்."

ஜெயித்துவிட்டேன். இத்தனை வருட வேலையில் ஆபீஸ்காரர்கள் தப்பு என்று அவர்களே ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்தது. சோற்று வாசனை வேறு நன்றாக வந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்தப் பிள்ள பேர அடிச்சிடவா?" என்றார்.

"அடிச்சிடுங்க."

"சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்க்கா. அந்த ரூம்ல யாரு தங்கியிருக்கா?"

"யாரும் இல்லையே. நான் கொஞ்ச நேரம் கால நீட்டுவேன், அவ்ளோதான்."

"யாரும் இல்லன்னா..." என்று இழுத்தார். "அப்ப கோசோங்தானே?"

பிள்ளைகளே, நான் பிரசவ வலி பார்த்திருக்கிறேன். கடல் பொங்கி வந்த நாளில் கடற்கரையோரம் ஓடியிருக்கிறேன். அந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டதுபோல எங்கும் மாட்டிக்கொண்டதில்லை. காலையிலிருந்து மூன்று மாடியில் ஒவ்வொரு கதவையும் தட்டியிருக்கிறேன். ஒரே ஒரு கதவைத் தட்டவில்லை. என் கதவை நானே எப்படித் தட்டுவது என்று விட்டுவிட்டேன்போல. கூட வந்த குரங்கிடம் கேட்டிருந்தால் சரியான கணக்கைச் சொல்லியிருக்கும்.

கிராணியம்மா திட்டவில்லை. "கவுண்டர் மூடறதுக்குள்ள அது ரூம் மாதிரி இருந்தா பேர அடிக்க மாட்டேன். வார்டன கூட்டிட்டு வந்து காட்டறேன். ஆனா அவங்க இன்னும் இருக்காங்களான்னு பாருங்க" என்றார்.

ஓடினேன். செருப்பு ஒன்று படியிலேயே நின்றுவிட்டது. மோட்டார்கள் நிறுத்துமிடத்தில், மரத்தடியில், அவர் பெட்டியை வண்டியில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி தலைக்கவசம் போட்டுவிட்டாள்.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. வாய் வரை வந்தது மன்னிப்பு. "தப்பு நடந்திருச்சு தம்பி, மன்னிச்சிடுங்க, வாங்க" என்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் பையன்களை வளர்த்தவள். ரோஷம் வந்த ஆளிடம் கெஞ்சினால், வேண்டாம் என்று சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்ததுபோல ஆகும். காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். இனி நான் கொடுக்க, அவர் வாங்க மாட்டார். அவரிடம் ஏதாவது கேட்கத்தான் வேண்டும்.

"தம்பி, அந்த ரூம்ல ஒரு இரும்பு அலமாரி இருக்கு. அத வெளிய எடுக்கணும்."

நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு?"

"அதுக்கு ஆளு வேணும்."

"நான் ஏங்க தூக்கணும்?"

"பின்ன நானா தூக்குவேன்? உங்க மவ படுக்கப் போற ரூமு. என் முட்டியப் பாருங்க, செருப்பே ஒரு கால்லதான் இருக்கு. நீங்க லோரிக்காரர்தான? தூக்கிக் குடுத்துட்டு, அப்புறம் போறதுன்னா போங்க. நான் தடுக்க மாட்டேன்."

அவர் செருப்பில்லாத என் காலைப் பார்த்தார். யோகேஸ்வரி தலைக்கவசத்தைக் கழற்றினாள். நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கிராணியம்மாவைக் கேளுங்கள். திரும்பி நடந்தேன். பின்னால் ரப்பர் கயிறு அவிழும் சத்தம் கேட்டது.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம், ஆனாலும் சொல்கிறேன். அரண்மனைச் சாமான்கள் ஒவ்வொன்றாக நடைபாதைக்கு வந்தன. பிள்ளைகள் எல்லாம் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள். குடைகள் வந்தன. அதில் ஒருத்தி தன் குடையைக் கண்டுபிடித்தாள். இன்னொருத்தி போர்வையைக் கண்டுபிடித்தாள். கடைசியாக யோகேஸ்வரி ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆன்ட்டி! அது என் குக்கர்லா!" என்று மலாயில் கத்தினாள் மூன்றாம் வருடச் சீனப் பெண் ஒருத்தி.

அறையில் சமைக்கக் கூடாது என்பது விடுதி விதி. போன வருடம் அவளிடமிருந்து அதைப் பறிமுதல் செய்து, மின்சாரம், தீ, ஒழுக்கம் என்று அரை மணி நேரம் புத்தி சொன்னவள் நான். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். ஆவி வந்தது.

"சூடா இருக்கே ஆன்ட்டி" என்றாள்.

"வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாத்தேன்" என்றேன்.

நடைபாதை முழுக்கச் சிரிப்பு. அலமாரியை முதுகில் தாங்கிக்கொண்டு வந்த அப்பா என்ன என்று கேட்டார். மகள் தமிழில் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்து, அலமாரியோடு ஆடி, சுவரில் சாய்ந்து நின்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆள் இனி மோட்டாரை எடுக்க மாட்டார் என்று.

அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கழுத்துப் பொத்தான் போட்ட சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு, பனியனோடு தரையைக் கழுவினார். தாழ்ப்பாள் ஆடுகிறது என்று ஆணி கேட்டார். பல்பு மாற்றினார். ஜன்னலைத் திறந்து பார்த்து, "காத்து நல்லாதான் வருது" என்று அறையைத் தானே கட்டினதுபோலச் சொன்னார். மகள் மெத்தை விரித்தாள்.

வார்டன் வந்தபோது நான் முருகனைத்தான் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் அறையைப் பார்த்தார், நடைபாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு காலத்தில் வாசலில் தாளைக் கிழித்தபோது பார்த்த அதே பார்வை. "இத்தனை நாள் பழுது என்று போட்டிருந்ததே, யார் சரிசெய்தது?" என்று மலாயில் கேட்டார்.

கிராணியம்மா அந்த அப்பாவைக் காட்டினார். "இன்றைக்கு இவர்தான் சரிசெய்தார்" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இந்த மாதிரி பதில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு இன்றைக்கும் வராது.

குக்கர் சோற்றை மீன் சம்பலோடு எல்லோருமாகச் சாப்பிட்டோம். குக்கரின் சொந்தக்காரிக்குத்தான் முதல் கரண்டி. கிளம்பும்போது அந்த அப்பா கேட்டார், "அக்கா, பொழுதுக்கும் இங்கதான இருப்பீங்க? பாத்துக்குங்க."

"எங்க இருக்கறது? என் ரூமத்தான் உங்க மவ எடுத்துக்கிட்டாளே" என்றேன்.

திங்கட்கிழமை வேன் வந்ததாம். பக்கத்து வீட்டுப் பெண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டு போனதாம். போனில் இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

அந்த வருடம் முழுக்க எனக்கு இருக்கை மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அரண்மனையிலிருந்து ஸ்டூலுக்கு இறங்கினதில் நான் ஒன்று கண்டேன். ஸ்டூலில் உட்கார்ந்தால் போகிற வருகிற எல்லோரையும் பார்க்கலாம். யார் சாப்பிடவில்லை, யார் அழுதுவிட்டு வருகிறாள் என்பதெல்லாம் தெரிகிறது. கால் நீட்டத்தான் வழியில்லை. யோகேஸ்வரியையும் விடவில்லை. "ஆடறியோ ஓடறியோ, ஏதாச்சும் ஒண்ணுல பேரக் குடு. அடுத்த வருஷம் தர எங்கிட்ட இன்னொரு ரூம் இல்ல" என்று நச்சரித்தேன். அவள் மேடையில் ஆடினதை நான் போய்ப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை. அவ்வளவு மோசம். ஆனாலும் புள்ளி ஏறியது. அடுத்த வருடத்துக்கு விண்ணப்பம் போட்டு, யார் தயவும் இல்லாமல், குன்றின் மேல் ஏ பிளாக்கில் இடம் வாங்கினாள்.

காலி செய்த அன்று ஸ்டூலுக்கு வந்து சாவியை நீட்டினாள். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆன்ட்டி, தீகா கோசோங்" என்றாள்.

சாவி என் கையில். பக்கத்திலேயே அறை. யாரும் பார்க்கவில்லை. முட்டி இரண்டும் என்னைக் கெஞ்சின. ஒரு மாதம் விடுமுறை, அதற்குப் பிறகுதான் பதிவு. துடைப்பத்தை மட்டும் வைத்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

போனை எடுத்தேன். தமிழிலேயே சொன்னேன். "கிராணிம்மா, சி பிளாக், முப்பதாம் நம்பர் ரூமு. ஆளு இல்ல. பழுது இல்ல. நானும் இல்ல."

"நல்லா பாத்தீங்களாக்கா?" என்றார்.

"தட்டிப் பாத்துட்டேன்" என்றேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வரிசையில் நிற்பவரிடம் இடம் இல்லை என்று சொல்வது உங்கள் வேலையில் பாதி. சொல்லத்தான் வேண்டும், இல்லாத அறையை யாராலும் கொடுக்க முடியாது. ஆனால் சொல்வதற்கு முன் கடைசியாக ஒரு கதவு பாக்கி இருக்கும். அது எது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி. எனக்கு அது வாளியும் முருகனும் இருந்த கதவு. உங்களுக்கு எதுவோ.

எழுதிக்கொண்டிருந்த பேத்தி இப்போது கையை நிறுத்திவிட்டாள். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இவள் சாப்பாட்டு மேசையில்தான் படிக்கிறாள், இதையும் அங்கேதான் எழுதுகிறாள். "பாட்டி, நம்ம பின்னாடி ரூம்ல என்ன இருக்கு?" என்று கேட்கிறாள்.

என்ன இருக்கும்? குடைகள். யாரும் வந்து கேட்காத இரண்டு போர்வை. ஓய்வு பெற்றபோது என்னோடு வந்த அந்த இரும்பு அலமாரி. சாமான் போட்டு வைத்திருக்கிறேன் என்றேன்.

"ஆள் யாரும் இல்லையே?" என்கிறாள்.

இவளுக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சரி, நீ முதலிலிருந்து ஒரு தடவை வாசிம்மா. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டே கேட்கிறேன்.